கல்கி ஏன் இவ்வளவு தாமதமாகச் சரித்திரத்துக்கு வந்தார்?

வழக்கமாக எனக்கு வருகிற கேள்வி, பொன்னியின் செல்வனில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதுதான். 2022-இல் படம் வந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. அந்தக் கொலையைப் பற்றிப் பேசும் உடையார்குடிக் கல்வெட்டை வைத்துக்கொண்டு ஏற்கெனவே விலாவாரியாகப் பேசியாயிற்று, மறுபடியும் என்னை அதற்குள் இழுக்காதீர்கள். இந்த முறை வந்திருப்பது வேறு மாதிரியான கேள்வி. கரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார்: "கல்கி பிறந்தது 1899. பார்த்திபன் கனவு தொடங்கியது 1941. அப்படியென்றால் 42 வயது வரை அவர் ஒரு பெரிய சரித்திர நாவல்கூட எழுதவில்லை. அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்? சரித்திரம் படிக்கவே அவ்வளவு நாள் ஆகிவிட்டதா?"

கடைசி வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஆனால் கணக்கு சரிதான். நாம் கல்கி என்றாலே சரித்திரக் கதை என்று நினைக்கிறோம். அவர் வாழ்ந்தது 55 வருஷம். அதில் பெரிய சரித்திர நாவல்கள் மொத்தம் மூன்று, மூன்றும் கடைசி 13 வருஷத்துக்குள் எழுதியவை. அதற்கு முன்னால் 40 வருஷம் இருக்கிறதே, அதை நாம் பார்ப்பதே இல்லை.

இந்தச் சேனலைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். கல்கி முதலில் பத்திரிகைக்காரர், அப்புறம்தான் நாவலாசிரியர். பல தடவை சொன்னதுதான், இன்றைக்கும் அதுதான் பதில்.

மாயவரம் பக்கம் புத்தமங்கலம் என்று ஒரு கிராமம். அங்கே கணக்குப் பிள்ளை வேலை பார்த்தவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தி, அவர்தான் பின்னாளில் கல்கி. திருச்சி நேஷனல் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தார். 1921-இல் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. பள்ளியின் கடைசிப் பரீட்சை நெருங்குகிற நேரத்தில் படிப்பை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். 1922-இல் ஒரு வருஷம் சிறை. சர்டிபிகேட்டும் இல்லை, உத்தியோகமும் இல்லை, சிறைக்குப் போய் வந்தவன் என்ற பெயர் மட்டும் இருந்தது. அந்தக் காலத்துக் குடும்பத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1923-இல் திரு.வி.க. நடத்திய நவசக்தியில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். ஐந்து வருஷம் போல அங்கே. திரு.வி.க.விடம் வேலை பார்ப்பது என்றால் தமிழைப் பயம் இல்லாமல் எழுதக் கற்றுக்கொள்வது என்று அர்த்தம். பிறகு திருச்செங்கோட்டுப் பக்கம் ராஜாஜியின் காந்தி ஆசிரமம். அங்கே விமோசனம் என்று ஒரு பத்திரிகை, மதுவிலக்குப் பிரசாரத்துக்காகவே நடத்தியது. குடியை விடுங்கள் என்று மாதா மாதம் சொல்ல வேண்டும், படிக்கிறவனுக்கு அலுக்கவும் கூடாது. இதைவிடக் கடினமான பத்திரிகை வேலை எனக்குத் தெரிந்து இல்லை. 1930-ஐ ஒட்டி இரண்டாவது தடவை சிறை, ஆறு மாதம்.

அதற்கப்புறம் ஆனந்த விகடன். எஸ்.எஸ். வாசன் நடத்திய பத்திரிகைக்குக் கல்கி ஆசிரியர். அங்கே அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சரித்திரம் அல்ல, நகைச்சுவைக் கட்டுரை. கர்நாடகம் என்ற பெயரில் சங்கீத விமர்சனம் எழுதினார். வித்வான்கள் மறுநாள் பத்திரிகையைத் திறக்கப் பயந்தார்கள் என்று பழையவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், கொஞ்சம் மிகையாகத்தான் இருக்கும். லாங்கூலன், அகஸ்தியர், தமிழ்த்தேனீ என்று இன்னும் எத்தனையோ பெயர்கள். ஒரு ஆள் பத்துப் பெயரில் எழுதினால் என்ன அர்த்தம்? பத்திரிகையில் பக்கம் காலியாக இருக்கிறது என்று அர்த்தம்!

1937-இல் கள்வனின் காதலி தொடர்கதை. அதில் ராஜா இல்லை, கோட்டை இல்லை, கொள்ளிடக்கரை இருக்கிறது, ஒரு திருடன் இருக்கிறான். அப்புறம் தியாக பூமி. அது இன்னும் வேடிக்கை. கே. சுப்பிரமணியம் படமாக எடுத்துக்கொண்டிருக்கும்போதே கதை விகடனில் வருகிறது, ஓவியத்துக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்கள். சம்பு சாஸ்திரியாக பாபநாசம் சிவன். 1939-இல் வெளியான படத்தை வெள்ளைக்கார அரசாங்கம் தடை செய்தது. இன்றைக்கு நாம் பெரிய விளம்பர உத்தி என்று பேசுவதை அவர்கள் அன்றைக்கே சாதாரணமாகச் செய்திருக்கிறார்கள்.

இனி 1941-க்கு வருவோம், உங்கள் கேள்வியின் முடிச்சு அங்கேதான். தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டார், மூன்றாவது தடவை சிறை, மூன்று மாதம். விகடன் வேலை போயிற்று. வெளியே வந்து, நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தமாகக் கல்கி பத்திரிகையைத் தொடங்குகிறார், 1941 ஆகஸ்டில். முதலீடு எங்கிருந்து? சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி, சாவித்திரி படத்தில் நாரதர் வேஷம் போட்டுச் சம்பாதித்தது. எம்.எஸ்.ஸின் ரசிகர்களுக்குப் பாட்டு மட்டும் தெரியும், பொன்னியின் செல்வனுக்கும் நாம் அவருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, புதுப் பத்திரிகை, யுத்த காலம், கையிலே பணம் குறைவு. வாசகர்களை ஒவ்வொரு இதழுக்கும் திரும்ப வரவழைக்க வேண்டும். அப்போது என்ன எழுதினார்? பார்த்திபன் கனவு. அந்தக் கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சோழநாடு ஒரு குட்டி ராஜ்யமாகச் சுருங்கிக் கிடக்கிறது. பார்த்திப மன்னன் பல்லவச் சக்கரவர்த்திக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்கிறான். தோற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தே போருக்குப் போகிறான். போவதற்கு முன் மகன் விக்கிரமனை அழைத்துப் போய், தான் ரகசியமாக வரைந்து வைத்திருக்கும் சித்திரங்களைக் காட்டுகிறான்: சோழக்கொடி பறக்கிறது, கப்பல்கள் கடல் கடந்து போகின்றன, எதுவுமே அப்போது உண்மை இல்லை, அத்தனையும் அவனுடைய ஆசை. அந்தச் சிறுவன் பிற்பாடு நாடு கடத்தப்படுகிறான்.

இதை 1941-இல் படித்தவனுக்கு யார் பல்லவர், யார் சோழர் என்று விளக்க வேண்டுமா? மூன்றாவது தடவை ஜெயிலுக்குப் போய் வந்த ஒருவர் எழுதுகிறார், கப்பம் கட்ட மாட்டேன் என்று. என் வாசிப்பு இதுதான்: சரித்திரத்துக்குள் போனது பழைய காலத்து ஆசையால் அல்ல. அன்றைய தினசரியில் நேராகச் சொல்ல முடியாததைச் சொல்ல அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. பத்திரிகைக்காரர்!

அடுத்து சிவகாமியின் சபதம், 1944-இல் தொடங்கியது. காலப்படி பார்த்தால் இது பார்த்திபன் கனவுக்கு முந்திய கதை, எழுதியது பிந்தி. மாமல்லபுரம் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு இருந்தபோது மனத்தில் விழுந்த விதை என்று முன்னுரையில் சொல்கிறார். அங்கே விழுந்தது முளைக்கப் பல வருஷம் ஆகியிருக்கிறது. அதில் சிவகாமியின் அரங்கேற்றக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது சளுக்கர் படையெடுத்துவிட்ட செய்தி வருகிறது, சபை கலைகிறது. அந்த நாட்டியத்தை எழுதியது பல வருஷம் கச்சேரிகளில் முன்வரிசையில் உட்கார்ந்த கர்நாடகத்தின் கை. பொன்னியின் செல்வனில் வைணவனான ஆழ்வார்க்கடியான் வீரசைவரோடும் அத்வைதியோடும் மல்லுக்கு நிற்கும் இடம் அப்படியே விகடன் காலத்துக் கல்கி. "அதுவரை என்ன செய்தார்" என்று கேட்டீர்களே, இதைத்தான் செய்துகொண்டிருந்தார். எதுவும் வீணாகப் போகவில்லை.

பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை வந்தது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். பாகங்களின் அளவைப் பாருங்கள்: 57, 53, 46, 46, கடைசிப் பாகம் மட்டும் 91. முன்கூட்டியே அளந்து வைத்து எழுதுகிறவர் இப்படி எழுத மாட்டார். வாரா வாரம் கதை வளர்ந்திருக்கிறது. நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவப் பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாறுகளை வைத்துக்கொண்டுதான் எழுதினார், அதை அவரே சொல்கிறார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் அக்கா குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று குறிக்கிறது. கல்வெட்டில் அந்த மனிதரைப் பற்றிக் கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த ஒரு பெயருக்குக் குதிரை கொடுத்து, வாய்த்துடுக்கு கொடுத்து, வீராணம் ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு அன்று கொண்டுவந்து நிறுத்தினார். நந்தினி, பூங்குழலி இரண்டு பேரும் முழுக்கவே அவருடைய கற்பனை.

எங்கள் பெரியம்மா வீட்டில் அதன் பைண்டு வால்யூம் இருந்தது. புத்தகக் கடையில் வாங்கியது இல்லை, வாரா வாரம் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து, தெருவோரத்துப் பைண்டரிடம் கொடுத்துக் காடாத் துணி முதுகு போட்டுத் தைத்தது. மணியம் வரைந்த படத்தில் பாதி, தையலுக்குள் போய்விட்டிருக்கும். அத்தியாயம் முடிகிற பக்கத்தின் கீழே ஒரு துணுக்கு, மறுபக்கத்தில் யாரோ எழுதிய வேறொரு கட்டுரையின் நடுப்பகுதி. நடுவில் ஒரு இதழ் தொலைந்து போயிருந்தது. அந்த இடம் வந்தால் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, பெரியம்மாவே அந்த அத்தியாயத்தைச் சொல்லுவார்கள். பிற்பாடு நானே அச்சுப் புத்தகத்தில் படித்தபோது, அவர்கள் சொன்னதில் சண்டை கொஞ்சம் அதிகம், குந்தவை பேசுவது இன்னும் அதிகம் என்று தெரிந்தது. இந்தக் கதை வாழ்ந்தது இப்படி. ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில், வீட்டுக் கூடத்தில் அடுத்து என்ன ஆகும் என்று சண்டை போட்டுக்கொண்டு.

கதை முடிந்ததும் வாசகர்கள் விடவில்லை. ஏன் அவசரமாக முடித்தீர்கள், வந்தியத்தேவன் என்ன ஆனான், குந்தவை என்ன ஆனாள் என்று கேட்டார்கள். அவர் அலட்சியம் செய்யாமல் முடிவுரை எழுதிப் பதில் சொல்கிறார். நாவல் முடிந்த பிறகும் சந்தேகங்களுக்கு விளக்கம் கொடுத்தவர்! அந்த வகையில் இந்த நிகழ்ச்சிக்கே அவர்தான் முன்னோடி என்று வைத்துக்கொள்ளலாம். அவர் வாசகர்களைக் கூப்பிட்டால் வருவார்கள் என்பதற்கு இன்னொரு சாட்சி எட்டயபுரம். பாரதிக்கு மணிமண்டபம் கட்ட வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார், பணம் வந்து சேர்ந்தது, 1947-இல் ராஜாஜி திறந்து வைத்தார்.

இதுவரை சொன்னது நீங்கள் கேட்ட கேள்விக்கு. இனி, நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. சிவகாமியின் சபதம் 1946-இல் முடிகிறது, பொன்னியின் செல்வன் 1950-இல் தொடங்குகிறது. நடுவில் அவர் என்ன எழுதினார்?

முதலில் சோலைமலை இளவரசி, சிறிய கதை. 1942 போராட்டத்தில் தப்பி ஓடும் ஒருவன் பாழடைந்த கோட்டையில் ஒளிகிறான், அங்கே அவனுக்கு முன் ஜன்மக் கதை தெரிகிறது. பாருங்கள், ஒரு காலை இன்றைய காலத்திலும் ஒரு காலைப் பழைய காலத்திலும் வைத்துக்கொண்டுதான் நிற்கிறார். பிறகு 1948, 49-இல் அலை ஓசை. ராஜம்பேட்டை என்ற கிராமத்துத் தபாலாபீசில் ஆரம்பிக்கிறது. லலிதாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை சௌந்தரராகவன், அவளுடைய அத்தை மகள் சீதாவைப் பிடித்திருக்கிறது என்கிறான். ஏதோ குடும்பக் கதை போலிருக்கிறது என்று நாம் உட்கார்ந்தால், பீகார் பூகம்பம், டில்லி அரசியல், கடைசியில் பிரிவினைக் கலவரம் வரை இழுத்துக்கொண்டு போகிறது. பாகங்களின் பெயரே பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம்.

தான் எழுதியதில் ஏதாவது ஒன்று நீண்ட நாள் நிற்கத் தகுதியானது என்றால் அது அலை ஓசையாக இருக்கும் என்ற எண்ணம் தனக்கு உண்டானதாக அவரே எழுதியிருக்கிறார். சாகித்திய அகாதமிப் பரிசும் அதற்குத்தான் கிடைத்தது, 1956-இல். அப்போது அவர் இல்லை, 1954 டிசம்பர் 5-ஆம் தேதியே போய்விட்டார். கையில் எழுதிக்கொண்டிருந்த அமரதாரா பாதியில் நின்றது, மகள் ஆனந்தி அதை முடித்தார்.

பொன்னியின் செல்வனைவிட அலை ஓசை நல்ல நாவலா என்று கேட்டால் நான் மழுப்ப மாட்டேன்: கட்டுக்கோப்பில் இல்லை. தற்செயலாகச் சந்திப்பவர்கள் ரொம்ப அதிகம், லலிதாவின் அண்ணன் சூர்யா பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. ஆனால் நேற்று நடந்ததை இன்றைக்கே சரித்திரமாக எழுதும் தைரியம் இதில்தான் இருக்கிறது. கலவரம் நடந்து ஒரு வருஷம்கூட ஆகாதபோது தொடங்கிய கதை இது. மூன்று ராஜா கதைகளையும் எழுதிய அதே பத்திரிகைக்காரர் வேஷம் போடாமல் நிற்கிறார்.

ஆகவே கரூர் மாணவிக்கு ஒரு வேலை தருகிறேன். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் அலை ஓசை இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். முதல் பாகத்தை மட்டும் படியுங்கள். சீதா மேல் கோபம் வருகிறதா, பரிதாபம் வருகிறதா என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்து ஒரு நாள் தனியாகப் பேசலாம். அடுத்து சாண்டில்யனைப் பற்றி இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன, இரண்டுமே சண்டைக் கேள்விகள். அதை வரும் வாரம் எடுத்துக்கொள்கிறேன்.