காதில் விழும் பிழையே அதிகம் உறுத்துகிறது

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அன்றாடத் தமிழில் நம்மை அதிகம் உறுத்துவது உச்சரிப்புப் பிழையா, இலக்கணப் பிழையா என்பது இன்றைய கேள்வி. உச்சரிப்புப் பிழையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

'பேருந்துகள் எரிக்கப்பட்டது' என்ற வாக்கியத்தை எதிரணித் தலைவர் எடுத்துக் காட்டினார். 'எரிக்கப்பட்டன' என்பதே சரி, மறுக்கவில்லை. ஆனால் கேட்டவருக்குப் பொருளில் ஐயம் வந்ததா? எழுவாயில் 'கள்' இருக்கிறது. வினைமுற்று சறுக்கினாலும் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. 'தீமை ஒழியட்டும்' என்று சொல்ல வந்தவர் 'தீமை ஒளியட்டும்' என்கிறாரே, அதை எண்ணிப் பாருங்கள். அழிந்து போகட்டும் என்பது பதுங்கிக்கொள்ளட்டும் என்றாகிவிட்டது. இரங்கல் கூட்டத்தில் 'அவர் காட்டிய வலியை மறக்க மாட்டோம்' என்றால் குடும்பத்தாருக்கு எப்படி இருக்கும்? இரண்டு வாக்கியங்களிலும் இலக்கணத்தில் குறையே கிடையாது. பொருள்தான் தலைகீழ்.

எழுத்தில் இருந்தால் திரும்பப் படிக்கலாம். ஒலி ஒரே முறைதான் வருகிறது.

ழகரம் எல்லாருக்கும் வராது என்றார்கள். வரும். எங்கே தவறுகிறது என்று தெரியாததுதான் சிக்கல். ளகரத்தில் நாக்கின் நுனி மேலண்ணத்தைத் தொடும். காற்று நாக்கின் இரு பக்கமும் வழிந்து வெளியேறும். ழகரத்தில் நுனி பின்னோக்கி வளைந்து அண்ணத்தை நெருங்கும், ஆனால் ஒட்டாது. காற்று நாக்கின் நடுவே ஓடும். நுனி ஒட்டிவிட்டால் 'மழை' 'மளை' ஆகிறது. நுனி எழாமல் நடுநாக்கு எழுந்தால் 'மயை' ஆகிறது. நாக்கை அளவுக்கு மீறி உள்ளே மடித்தாலும் ஒலி தெளிவாக வராது. எழுத்தொலிகள் பிறக்கும் முறையைச் சொல்லும் தொல்காப்பியத்தின் பிறப்பியல், ழகரத்துக்கு நுனிநா அண்ணத்தை வருடவேண்டும் என்கிறது. லகரத்துக்கோ ஒற்ற, அதாவது பொருந்தித் தொட, வேண்டும் என்கிறது.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ழகரத்தை நீட்டிச் சொல்லி நிறுத்துங்கள். நாக்கை அசைக்காமல் அப்படியே காற்றை உள்ளே இழுங்கள். குளிர்ச்சி நாக்கின் நடுவில் தெரிந்தால் அது ழகரம்; பக்கவாட்டில் தெரிந்தால் நீங்கள் சொன்னது ளகரம். பயிற்சிக்கு 'ஆ' என்று நீட்டிக்கொண்டே நுனியை மெல்லப் பின்னால் எழுப்பி 'ஆழ' என்று முடியுங்கள். பிறகு 'ஏழு', 'எழு'. அதன்பின் 'வாழ்க'. இரண்டு ழகரம் வரும் 'வாழைப்பழம்' கடைசியில். நாப்பிறழ்ச் சொற்றொடர்களை முதல் நாளே வேகமாகச் சொல்லவைப்பது வீண்வேலை. தவறான இடத்திலேயே நாக்கு பழகிவிடும்.

இன்னொரு கோளாறும் இருக்கிறது, என்னை மிகவும் வருத்துவது அதுதான். ழகரம் உயர்ந்தது என்று கேட்டுக் கேட்டு, ளகரம் வரவேண்டிய இடத்திலெல்லாம் அதையே போடுகிறார்கள். 'நாளை' 'நாழை' ஆகிறது, 'அவர்கள்' 'அவர்கழ்' ஆகிறது. ளகரத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு, நண்பர்களே!

சந்தி இலக்கணத்தின் சொத்து என்று உரிமை கொண்டாடினார்கள். 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. பேசும்போது இந்த வேறுபாட்டைக் காட்டுவது எது? உதடுகள் மூடி அரை மாத்திரை நிற்கும் அந்தப் பகர ஒற்று. அதை விழுங்குவது வாய் செய்யும் பிழை. ஆகவே அந்தச் சான்று எங்கள் பக்கம் வருகிறது. 'சுவற்றில்' என்பதும் அப்படித்தான். 'கிணறு' றுகரத்தில் முடிவதால் 'கிணற்றில்'. 'சுவர்' ரகர மெய்யில் முடிவதால் 'சுவரில்'. ரகரமும் றகரமும் பேச்சில் ஒன்றாகிப் போனதால்தான் இந்தக் குழப்பம் என்பது என் கணிப்பு.

வட்டார வழக்கைப் பழிக்கிறோமா? இல்லை. 'காற்று' வீட்டில் 'காத்து' ஆவது பேச்சுத் தமிழின் ஒழுங்கான மாற்றம். ழகரம் ளகரமாக ஒலிக்கும் ஊரில் பிறந்தவர் தன் வீட்டாரிடம் அப்படிப் பேசுவது அவர் உரிமை. எழுத்துத் தமிழை வாய்விட்டுச் சொல்லும் செய்தி வாசிப்பவர், மேடையேறுபவர், வகுப்பெடுப்பவர் ஆகியோரிடம்தான் எங்கள் வழக்கு.

சொல்வதெழுதுதலில் ஆசிரியர் 'மளை' என்கிறார். குழந்தை காதில் விழுந்ததையே எழுதுகிறது. சிவப்பு மையும் குறையும் மதிப்பெண்ணும் குழந்தைக்கு. நடுவர் அவர்களே, அந்தப் பிழை யாருடையது என்பதையும் கணக்கில் கொண்டு தீர்ப்பு வழங்குங்கள். நன்றி, வணக்கம்.