வெயிட் குறையுறது நின்னுடுச்சா? சுகர் இருக்கிறவங்க முதல்ல பார்க்க வேண்டியது தட்டை இல்லை, மாத்திரையை

எல்லாருக்கும் வணக்கம். சுகர் இருக்கு, வெயிட் குறைக்க ஆரம்பிச்சீங்க, மூணு நாலு மாசம் நல்லா இறங்குச்சு, இப்போ ஒரே நம்பர்லயே நிக்குது. இந்த வீடியோ உங்களுக்குத்தான். டைப் 2 சுகரைப் பத்தி மட்டும்தான் பேசப்போறேன். டைப் 1 இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க, அந்தக் கணக்கே வேற.

வெயிட் நின்னதும் நிறைய பேர் முதல்ல செய்யுறது ராத்திரி சாப்பாட்டை நிறுத்துறது. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க இதைச் செய்யவே கூடாது. காரணம் பின்னாடி வருது. முதல்ல, நிஜமாவே நின்னுதான் போச்சான்னு பார்த்துடுவோம்.

ஆரம்பத்துல இறங்குன வேகத்தை மனசுல வச்சுக்கிட்டு இப்போ ஏமாறாதீங்க. ஈரல்லயும் தசையிலயும் கிளைகோஜன்னு ஒரு சேமிப்பு இருக்கு. அதுல ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். சோத்தைக் குறைச்ச முதல் ரெண்டு வாரம் அந்தச் சேமிப்பு கரையும்போது தண்ணியும் சேர்ந்து போகும். அப்போ இறங்குற 2 கிலோவுல கொழுப்பு கொஞ்சம்தான். அதனால அந்த வேகம் திரும்ப வராது, வரவும் வேண்டாம்.

தினமும் காலையில, பாத்ரூம் போயிட்டு வந்து, காபி குடிக்கிறதுக்கு முன்னாடி, ஒரே மாதிரி உடுப்புல எடை பாருங்க. மெஷின் டைல்ஸ் தரையில இருக்கணும், பாய் மேல கூடாது. ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால வகுத்து ஒரு நம்பர் எழுதுங்க. ஒரு நாள் எடையை இன்னொரு நாள் எடையோட ஒப்பிடாதீங்க. ஊறுகாய், அப்பளம் சாப்பிட்ட மறுநாள், மலச்சிக்கல் இருக்கிற நாள், பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தின வாரம், இப்படி 1, 2 கிலோ சும்மாவே ஏறி இறங்கும். நாலு வாரச் சராசரியும் நகராம இருந்தா மட்டும்தான் நின்னுடுச்சுன்னு சொல்லலாம்.

சரி, நின்னுடுச்சு. இப்போ மாத்திரை அட்டையை எடுங்க. பின்னாடி எழுதியிருக்கிற மருந்துப் பேரைப் படிங்க. கிளிமிபிரைட், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், இதுல ஒண்ணு இருக்கா? நம்ம ஊர்ல மெட்ஃபார்மினோட கிளிமிபிரைட் சேர்ந்த மாத்திரை ரொம்ப சகஜம், அதனால கவனமா பாருங்க. இந்த வகை மருந்து, நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடலைன்னாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். 82 கிலோவுல உங்களுக்குச் சரியா இருந்த டோஸ், 75 கிலோவுல, சாப்பாடும் பாதியான பிறகு, அதிகமாயிடும்.

அப்போ என்ன ஆகும்? காலையில 11 மணி வாக்குல கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசி தாங்காது. கைக்குக் கிடைச்ச பிஸ்கட், மிக்சர், வாழைப்பழம் எல்லாம் உள்ள போகும். தினமும் இப்படி 200, 300 கலோரி ஏறுச்சுன்னா, காலையில இட்லியைக் குறைச்ச கணக்கு அங்கேயே முடிஞ்சுபோச்சு. எனக்கு வாயைக் கட்டத் தெரியலைன்னு பல பேர் தன்னைத்தானே திட்டிக்கிறாங்க. அது வாயோட குத்தம் இல்லைங்க, டோஸோட குத்தம். இதைப் புரிஞ்சுக்காம எத்தனை பேர் எல்லாத்தையும் விட்டுடுறாங்கன்னு நினைச்சா கஷ்டமா இருக்கு.

அந்தப் பசி வரும்போது முதல்ல குளுக்கோமீட்டர்ல பாருங்க. 70-க்குக் கீழ இருந்தா 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், இல்லைன்னா 3 டீஸ்பூன் சர்க்கரை தண்ணில கலந்து குடிங்க. 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க. இன்னும் 70-க்குக் கீழன்னா அதே அளவு இன்னொரு தடவை. சாக்லேட், கிரீம் பிஸ்கட் வேண்டாம். அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறதை தாமதப்படுத்தும், அதுக்குள்ள நீங்க பாக்கெட்டையே முடிச்சிருப்பீங்க. மீட்டர் கைல இல்லாதப்போ நடுக்கம் வந்தா டெஸ்டுக்காகக் காத்திருக்காதீங்க, சர்க்கரையைக் குடிச்சிடுங்க. நேரம், நம்பர், அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க, மூணையும் நோட்டுல எழுதுங்க. ஒரு தடவை 70-க்குக் கீழ போனாலே டாக்டருக்கு போன் பண்ணிச் சொல்லுங்க. டோஸை நீங்களா குறைக்காதீங்க, நீங்களா நிறுத்தவும் செய்யாதீங்க. இன்சுலின் போடுறவங்களுக்கும் இதே கதைதான். ஊசிக்காக இடையில சாப்பிடுற நிலைமை இருந்தா, அந்த ஊசி அளவைப் பத்திப் பேச வேண்டிய நேரம் வந்தாச்சு.

ராத்திரி சாப்பாட்டை நிறுத்தாதீங்கன்னு சொன்னதும் இதுக்காகத்தான். தூக்கத்துல சுகர் இறங்குனா தெரியாமப் போக வாய்ப்பு இருக்கு.

இன்னும் சில மருந்து இருக்கு. பியோகிளிட்டசோன் உடம்புல நீர் கோர்க்க வைக்கும், எடையும் ஏறும். கணுக்கால் வீக்கம் இருந்தா உடனே சொல்லுங்க. பாத எரிச்சலுக்குக் கொடுக்கிற பிரீகாபலின், அமிட்ரிப்டிலின், மூட்டுவலிக்கோ இளைப்புக்கோ எடுக்கிற ஸ்டீராய்டு, இதுங்களும் எடையைக் கூட்டும். சுகர் டாக்டர்கிட்ட இந்த மாத்திரையெல்லாம் காட்டாம விடுறவங்கதான் அதிகம். காட்டுங்க.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுக்கிறவங்களுக்குத் தனியா ஒரு எச்சரிக்கை. இது சர்க்கரையை மூத்திரத்துல வெளியேத்துற மருந்து. இதை எடுத்துக்கிட்டு விரதம், மாவுச்சத்தை ரொம்பக் குறைக்கிற கீட்டோ டயட்டுன்னு இறங்குனா, மீட்டர்ல சுகர் 200 காட்டும்போதே ரத்தத்துல அமிலம் ஏறுற கீட்டோஅசிடோசிஸ் வரலாம். வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்குதல் வந்தா, சுகர் நம்பர் நல்லா இருக்கேன்னு உட்காராதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இதே வகை மருந்தான கேனாகிளிஃப்ளோசினை வச்சு டைப் 2 சுகர் இருக்கிறவங்ககிட்ட செஞ்ச ஆராய்ச்சி ஒண்ணு 2016-ல வந்துச்சு. உடம்பு ஒரு கிலோ இழந்தா, பசி ஒரு நாளைக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுதுன்னு அதுல கணக்கிட்டாங்க. உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிக்கிறதும், இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 20, 30 கலோரி குறையும்கிறதும் தெரிஞ்ச விஷயம். அப்போ 7 கிலோ இறக்குனவருக்கு, பழையபடி சாப்பிடுன்னு உடம்பு தினமும் 700 கலோரிக்கு இழுக்குது. இந்த இழுப்பைத் தாங்கிக்கிட்டு வெயிட்டை அங்கேயே பிடிச்சு வச்சிருக்கீங்கன்னா, நீங்க சும்மா இல்லை. பெரிய வேலை பார்த்துக்கிட்டு இருக்கீங்க.

இப்போ தட்டுக்கு வரலாம். சோத்தை எல்லாரும் அளக்குறாங்க, எண்ணெயை யாரும் அளக்கிறதில்லை. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி எண்ணெய்ல 45 கலோரி. நாலு பேர் இருக்கிற வீட்டுல மாசத்துக்கு 2 லிட்டர்னா ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 17 மில்லி, அது 150 கலோரி. 4 லிட்டர் ஆகுதுன்னா 300. பாட்டில் பிரிக்கிற தேதியை மூடியிலயே எழுதிவைங்க, மாசக் கடைசியில உண்மை தெரிஞ்சிடும். அடுத்தது சிறுதானியம். வரகு, சாமை, தினைன்னு மாறினதும் அளவில்லாம சாப்பிடலாம்னு ஒரு நம்பிக்கை ஓடுது. 100 கிராம் பச்சைத் தானியத்துக்குக் கலோரி ஏறக்குறைய அரிசி அளவேதான். நார்ச்சத்து கூட இருக்கு, நல்லதுதான், ஆனா அதே கரண்டி அளவு வேணும். தேங்காய்ச் சட்னியும் வேர்க்கடலையும் இதே மாதிரிதான். 30 கிராம் கடலை, ஒரு கைப்பிடி, 170 கலோரி.

குறைக்கிறதை விட முக்கியம் புரதத்தைக் கூட்டுறது. புரதம் போதாம வெயிட் குறைச்சா தசையும் சேர்ந்து கரையும், தசைதான் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கிற இடம். உடல் எடை ஒரு கிலோவுக்கு 1 கிராம் புரதத்துல ஆரம்பிக்கலாம். ரெண்டு முட்டையில 12 கிராம், 150 கிராம் அவிச்ச கொண்டைக்கடலை சுண்டல்ல 13 கிராம் கிட்ட, 100 கிராம் வெந்த கோழி மார்புக்கறியில 25-க்கு மேல. ஒரு கப் சாம்பாரை நம்பாதீங்க, பெரும்பாலும் தண்ணிதான். ஆனா இதுக்கு முன்னாடி கிட்னி டெஸ்டுகளான ரத்தத்துல கிரியாட்டினினும், மூத்திரத்துல அல்புமினும் பார்த்திருக்கணும். கிட்னி பாதிப்பு இருந்தா புரத அளவை டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

நடைப்பயிற்சி மட்டும் பண்றவங்க, வாரத்துல மூணு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், தசைக்குப் பயிற்சி சேருங்க. கை ஊன்றாம நாற்காலியில இருந்து எழுந்து உட்காருறது 10 தடவை, சுவத்துல கை வச்சு புஷ்-அப் 10, ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை ரெண்டு கைலயும் தூக்குறது 10, இதை மூணு சுத்து. சுலபமா இருந்தா அடுத்த வாரம் 12. முதல் ரெண்டு மூணு வாரம் தசையில நீர் தங்கி எடை கொஞ்சம் ஏறலாம், பயந்து நிறுத்தாதீங்க. சுகரால கண் விழித்திரையில பாதிப்பு இருந்தா, மூச்சைப் பிடிச்சுப் பளு தூக்குறதுக்கு முன்னாடி கண் டாக்டர்கிட்ட கேளுங்க. அப்புறம், மத்தியானமும் ராத்திரியும் சாப்பிட்டதும் 10, 15 நிமிஷம் நடங்க. சாப்பாட்டுக்குப் பிந்தின சுகர்ல வித்தியாசம் மீட்டர்லயே தெரியும்.

மனசு தளராம இருக்கிறதுக்கு நான் சொல்ற வழி, எடையைத் தவிர நகருற நம்பர் இன்னும் ரெண்டு மூணு கைல வச்சுக்கிறதுதான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல டேப்பை வச்சு, மூச்சை விட்ட பிறகு இடுப்பை அளங்க. நம்ம மக்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டருக்கும் பெண்கள் 80-க்கும் கீழ இருக்கணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். எடை நின்னு இடுப்பு மட்டும் 2 சென்டிமீட்டர் குறையுறது நிறைய நடக்கும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு சுகர், பிபி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை, சராசரி சுகரைக் காட்டுற ஹெச்பிஏ1சி ரத்த டெஸ்ட், இதையும் அதே நோட்டுல எழுதுங்க. டாக்டர் மாத்திரையைக் குறைச்சா அந்தத் தேதியைச் சிவப்பு மையில எழுதுங்க, அதை விடப் பெரிய நம்பர் இல்லை.

எடை குறைச்சா டைப் 2 சுகர் மருந்தில்லாம அடங்குமான்னு பிரிட்டன்ல நடந்த டைரெக்ட்ங்கிற ஆய்வோட முடிவு 2017-ல வந்துச்சு. 15 கிலோவும் அதுக்கு மேலயும் குறைச்சவங்கள்ல 86 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துல மருந்தில்லாமலே சுகர் கட்டுக்குள்ள வந்துச்சு. சேர்ந்தவங்க எல்லாம் சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருந்தவங்க, இன்சுலின் போடாதவங்க. அதனால 15 கிலோ குறையலைன்னா எல்லாம் வீண்னு எடுத்துக்காதீங்க. உடல் எடையில 5 சதவீதம் குறைஞ்சாலே சுகரும் பிபியும் இறங்க ஆரம்பிக்கும். 80 கிலோ ஆளுக்கு அது 4 கிலோதான். நீங்க 6 கிலோவுல நின்னிருந்தா அந்த இடத்தை எப்பவோ தாண்டியாச்சு.

ரொம்பக் களைச்சுப் போயிருந்தா ரெண்டு வாரம் குறைக்கிற முயற்சியை நிறுத்திட்டு, இருக்கிற எடையைக் காப்பாத்துறதை மட்டும் இலக்கா வைங்க. பொங்கல், தீபாவளி வர்ற வாரம் இதுக்கு நல்ல நேரம். எடை பார்க்கிறது, நடை, மாத்திரை எதுவும் நிக்கக்கூடாது.

வீட்டுல, தெருவுல, "சுகர் வந்து உருகிட்டியே"ன்னு கேட்பாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகவே இட்லியைக் கூட்டிக்கிட்டவங்க உண்டு. நோட்டை எடுத்துக் காட்டுங்க. முயற்சியே இல்லாம எடை குறைஞ்சாத்தான் பயப்படணும், திட்டம் போட்டுக் குறைச்சதுக்கு இல்லை.

இதையெல்லாம் சரிபார்த்தும் ரெண்டு மாசம் நகரலைன்னா தைராய்டுக்கு டிஎஸ்ஹெச்ங்கிற ரத்த டெஸ்ட் எடுங்க. பலமான குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தா தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு பார்க்கச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட போகும்போது நோட்டு, எல்லா மாத்திரை அட்டையும், சுகர் இறங்குன நேரங்களோட பட்டியல், இந்த மூணும் பையில இருக்கட்டும். "இப்போ இருக்கிற எடைக்கு இந்த டோஸ் சரியா? எடையை ஏத்தாத மருந்துக்கு மாத்த முடியுமா?" இந்த ரெண்டு கேள்வியையும் முதல்லயே கேட்டுடுங்க, கடைசியில நேரம் இருக்காது.

அடுத்த வீடியோல குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் எப்படி வைக்கணும், எதனால நம்பர் தப்பா காட்டுதுன்னு பார்க்கலாம். நன்றி.