எந்த வயதில் வரைவது?

(நூலக வாசகர் வட்டத்தின் ஞாயிறு மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியது. பேச்சில் இருந்த தடுமாற்றங்களில் சிலவற்றை மட்டும் எழுதும்போது சரிசெய்திருக்கிறேன்.)

தலைவர் அவர்களுக்கும், இந்த மழையிலும் வந்திருக்கும் வாசகர் வட்ட நண்பர்களுக்கும் வணக்கம்.

ஐயா என்னை ‘ஓவியர்’ என்று அறிமுகப்படுத்தினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பேனர்காரன். 1978-ல், 14 வயதில், மதுரையில் ஒரு பேனர் கம்பெனியில் பிரஷ் கழுவும் பையனாகச் சேர்ந்தேன். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலையே சுருட்டிக்கொண்டு போகும் வரை அதுதான் எனக்குச் சோறு போட்டது. அப்புறம் பிள்ளைகளுக்கு ட்ராயிங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். கேட்பவர்களுக்குப் பென்சிலிலும் கரியிலும் முகம் வரைந்து தருகிறேன். ஆனால் இந்தச் சுவரில் இருக்கும் 12 படங்களையும் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் வரைந்தேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஹாலில் மாட்ட சாவித்திரி படம் வேண்டும் என்றார். அளவு பேசி அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “நல்ல சாவித்திரியா போட்டுருங்க சார்.”

எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரிந்திருக்கும். கன்னம் நிறைந்த, கடைக்கண்ணால் பார்க்கிற, ஐம்பதுகளின் சாவித்திரி. போட்டுக் கொடுத்தேன், அவருக்கு ரொம்பத் திருப்தி. ஆனால் ‘நல்ல சாவித்திரி’ என்ற வார்த்தை என்னை விடவில்லை. அப்படியென்றால் மற்றது யார்?

ஒரு பிரபலத்தின் முகத்தை வரைய உட்கார்ந்தால் முதலில் தீர்மானிக்க வேண்டியது பென்சில் 2பி-யா 4பி-யா என்பது இல்லை. எந்த வயதில் வரைவது என்பதுதான். நான் 25 வருஷம் இதை யோசித்ததே இல்லை, ஏனென்றால் பேனர் தொழிலில் அந்த முடிவு நம் கையில் கிடையாது. தயாரிப்பாளர் ஆபீசிலிருந்து ஸ்டில் வரும். அதன் மேல் ஒரு அங்குலக் கட்டம் போடுவோம். துணியில் அதே கட்டம் ஒரு அடியாகும். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து ஏற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். 10 அடி முகத்தில் ஒரு கண் மட்டும் ஒன்றரை அடி வரும். சாரத்தில் நின்றுகொண்டு அந்தக் கண்ணை வரைகிறவனுக்கு அது யார் கண் என்றே தெரியாது. இறங்கி, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க டீக்கடை வாசலில் நின்று பார்த்தால்தான் ஆள் தெரிவார். அதனால் எங்களுக்கெல்லாம் டீக்கடையில் நிரந்தரக் கடன்.

கம்பெனியில் ஒரு வரிசை உண்டு. புதுப்பையன் பின்னணிக்குப் பட்டை அடிப்பான். அடுத்தவன் எழுத்து. அதற்கு மேலே சேலை, சட்டை, கை. முகம் மட்டும் ஆசானுடையது. எனக்கு முகம் கிடைக்க 9 வருஷம் ஆயிற்று, அதுவும் வில்லன் முகம். எங்கள் ஆசான் சின்ன வயதில், 1957-ல் ‘வணங்காமுடி’ படத்துக்குச் சென்னை சித்ரா தியேட்டரில் வைத்த 80 அடி சிவாஜி கட்-அவுட்டைப் பார்த்தவர். அதைச் சொல்லிச் சொல்லி மாய்வார். அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்: “மூக்கோரத்துக் கோட்டை விட்டுரு. அந்தக் கோடு விழுந்தா பத்து வயசு ஏறும்.” மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கோடிக்கு இறங்குகிற மடிப்பைச் சொல்கிறார். நானும் எத்தனையோ ஹீரோக்களுக்கு அதை விட்டிருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் ஆயிரம் வருஷத்துக்குமேல் வயதைக் குறைத்திருப்பேன்.

ஸ்டில்லே சுத்தமாகத்தான் வரும் என்பது வேறு விஷயம். அந்தக் காலத்து ஸ்டில் போட்டோகிராபர்கள் நெகட்டிவ் மேலேயே கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்து, தோலில் உள்ள குழி, கோடு எல்லாவற்றையும் நிரவிவிடுவார்கள். ஆக, நாங்கள் பெரிதாக்கியது ஒரு மனிதர் முகத்தை என்று சொல்ல முடியாது. இன்னொரு பென்சில்காரரின் வேலையைத்தான் பெரிதாக்கினோம்.

வயது விஷயத்தில் ஓவியனுக்கு வேலையே வைக்காதவர் எம்.ஜி.ஆர். ஒரு முகத்தில் வயது தெரிகிற இடங்கள் நெற்றி, முடி, கண்ணோரம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு மூன்றையும் அவரே மூடிக்கொண்டார். மிச்சம் ஒரு சிரிப்பும் ரோஸ் கலரும். அவர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்-அவுட்டுக்கு நாங்கள் கலந்த ரோஸ் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 1967 ஜனவரி 12-ல் அவர் சுடப்பட்டு, கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருந்த படம் தேர்தல் சுவரொட்டி ஆனது. பரங்கிமலைத் தொகுதியில் பிரசாரத்துக்கே போகாமல் ஜெயித்தார். காயத்தை மறைக்காமல் ஊர் முழுக்க ஒட்டின நட்சத்திரப் படம் என்றால் எனக்கு அது ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. அதற்கப்புறம் நாங்கள் அவருக்கு ஒரு கீறல்கூடப் போட்டதில்லை.

சரி, பாகவதருக்கு வருகிறேன். இடமிருந்து 2-வது படம்.

தியாகராஜ பாகவதரைத் தெரியாதவர்களுக்கும் அந்தத் தலைமுடி தெரியும். பிடரி வரை வழிகிற கிராப், வைரக் கடுக்கன், பட்டு ஜிப்பா. அவரை வரைவது சுலபம், முடியைச் சரியாகப் போட்டால் முக்கால்வாசி ஆள் வந்துவிடுவார். ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் 3 தீபாவளி பார்த்த கதை எல்லோரும் சொல்வதுதான். அந்தக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். அதே 1944-ன் கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். அன்றைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், விடுதலையாகி வெளியே வந்தது 1947-ல். அப்படியானால் 3-வது தீபாவளிக்குத் தியேட்டர் வாசலில் அவர் முகம் நிற்கும்போது, அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் ஜெயிலுக்குள் இருந்தார். வாசலில் இருப்பவருக்கு வயது ஏறவில்லை. உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் ஏறுகிறது.

வெளியே வந்த பிறகு எடுத்த படங்கள் ஓடவில்லை. ஜனங்களுக்குப் பாகவதரைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நான் நம்பவில்லை. வாசலில் நின்றவரைத்தான் அவர்கள் எதிர்பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். 1959 நவம்பர் 1-ல் இறந்தபோது அவருக்கு 49. அதற்கு 2 வருஷம் முன்னால் போன என்.எஸ்.கே.வுக்கு 48. நான் வரைந்திருப்பது 1950-களின் பாகவதர். முடி அப்படியேதான் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே மட்டும் பென்சிலைக் கொஞ்சம் அழுத்தினேன். அந்த நிழலைப் போட்டதும் என் மனைவி பார்த்துவிட்டு, “இது யாரோ வீட்டு மாமா மாதிரி இருக்கு” என்றாள். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

சந்திரபாபு கதை வேறு. தூத்துக்குடியில் பிறந்து, சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்ட அப்பாவோடு இலங்கைக்குப் போய்க் கொழும்பில் வளர்ந்தவர். மேற்கத்தியப் பாட்டில் வருகிற அந்தக் குரல் உடைக்கிற யோடலிங்கைத் தமிழ் சினிமாப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர். அவருடைய ஸ்டில்களைச் சேர்த்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் வாய் திறந்திருக்கும், இல்லையென்றால் உடம்பு ஒரு பக்கம் முறுக்கியிருக்கும். சும்மா இருக்கிற சந்திரபாபு கிடைப்பது கஷ்டம். கிடைத்த ஒன்றை வைத்து வாயை மூடி வரைந்தேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஒருவர் பார்த்துவிட்டு, “யாரோ வெள்ளைக்காரத் துரையா?” என்றார். அதுவும் தப்பில்லை. கோட்டும் சூட்டும் போட்டு நின்றால் அவர் துரைதான். 1974-ல் போகும்போது 46 வயது.

சில்க் ஸ்மிதாவைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது, ஏனென்றால் இதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. படத்தில் ஒரே ஒரு பாட்டுக்கு வந்துபோயிருப்பார். ஆனால் பேனரில் ஹீரோயினைவிடப் பெரிதாக வரையச் சொல்வார்கள். நாங்களும் வரைந்தோம். எல்லா ஸ்டில்லிலும் ஒரே முகம்: பாதி மூடிய கண், பாதி திறந்த உதடு. அந்த முகத்தை எத்தனை தடவை வரைந்திருப்பேன்! ராத்திரி கண்ணை மூடிக்கொண்டே போடுவேன். ஒரு கட்டத்தில் ஒரு பட விநியோகஸ்தர் கூலியைக் கொடுக்காமல் இழுத்தடித்தபோது, அவர் பேனரில் சில்க்கின் கண்ணை முழுசாகத் திறந்து வரைந்துவிட்டோம். சத்தம் போட்டு, அழித்து மறுபடி வரையச் சொன்னார். நேராகப் பார்க்கிற சில்க் அவருக்கு விற்காது.

அவர் பெயர் விஜயலட்சுமி. ஆந்திராவின் ஏலூர்ப் பக்கம். 1996 செப்டம்பர் 23-ல் சென்னையில் இறந்தபோது வயது 35. ஆகவே அவரிடம் என் கேள்வி செல்லாது. வயதான சில்க் என்று ஒருவர் இல்லவே இல்லை. அப்படியானால் என்ன வரைவது? ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981-ல் வந்தது. அதில் அவருக்கு ஆட்டம் இல்லை. ஒரு வீட்டின் மருமகள், முழுசாகப் போர்த்திய சேலை. அந்தப் பெண்ணைத்தான் வரைந்திருக்கிறேன். வேறு வேஷங்களும் வந்திருந்தால் இந்த முகம் 50 வயதில் எப்படி ஆகியிருக்கும் என்று ஒரு தாளில் போட்டும் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை.

இந்த உரிமை பற்றி ஒரு அமெரிக்க ஓவியரைச் சொல்லாமல் போக முடியாது. ஆண்டி வார்ஹோல். 1962 ஆகஸ்டில் ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ இறந்தபோது அவருக்கு 36 வயது. கொஞ்ச நாளிலேயே வார்ஹோல் ஒரு விளம்பர ஸ்டில்லை எடுத்து, அந்த முகத்தை 50 தடவை அச்சடித்தார். அந்த ஸ்டில் 1953-ல் வந்த ‘நயாகரா’ படத்துக்கு எடுத்தது. அதில் மர்லினுக்கு 26 வயது இருக்கலாம். பாருங்கள், அவரும் ‘நல்ல மர்லின்’தான் போட்டிருக்கிறார்! ஆனால் இடப்பக்கத்து 25 முகத்துக்குப் பேனர் மாதிரி பளிச்சென்று கலர் கொடுத்தவர், வலப்பக்கத்து 25-ஐக் கறுப்பு மையில் விட்டு, மங்கி மங்கிக் கரைந்துபோக வைத்தார். பேனர்காரனாக எனக்கு அந்த வலப்பக்கம் நன்றாகப் புரிகிறது. மழையில் நனைந்த எங்கள் துணிகள் அப்படித்தான் போகும்.

மனோரமாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 31 வயதில் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் ஜில் ஜில் ரமாமணி. ஹீரோக்களுக்கு அம்மா, அப்புறம் ஆச்சி. எந்த ஸ்டில்லை எடுத்தாலும் அந்த வேஷத்தின் வயதுதான் இருக்கும், அவர் வயதைக் காணோம். அவரிடம் நான் தோற்றுவிட்டேன். அதனால்தான் அந்தப் படத்தைக் கதவுக்குப் பின்னால் மாட்டச் சொன்னேன்.

மறுபடியும் சாவித்திரி. இங்கே 2 சாவித்திரி இருக்கிறார்கள். முதல் படம் அந்த மனிதருக்கு வரைந்ததின் பிரதி. 2-வது, எழுபதுகளின் பிற்பகுதி. அவர் சொந்தமாக எடுத்த ‘பிராப்தம்’ 1971-ல் நஷ்டப்பட்டபின், சின்னச் சின்ன வேஷங்களில் வந்துகொண்டிருந்த காலம். 1965 போரின்போது உடம்பிலிருந்த நகைகளைக் கழற்றி நாட்டுப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தவர். பிற்காலத்து முகத்தில் எனக்கு வரையக் கஷ்டமாக இருந்தது கன்னம். உள்ளே வாங்கிப்போன கன்னத்தில் நிழல் போட்டால், மேலே உள்ள கண் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. கண் அதேதான். அந்தக் கடைக்கண் பார்வையும் அங்கேயே இருக்கிறது; எலும்பு தெரியத் தெரிய அது கூடுகிறதோ என்று தோன்றியது. 19 மாதம் நினைவில்லாமல் கிடந்து, 1981 டிசம்பர் 26-ல் போனார். அந்த 19 மாதத்தை நான் வரையமாட்டேன். இதில் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது: அவர்களாக விரும்பிக் கேமரா முன்னால் வந்து நின்ற கடைசி நாள் வரைக்கும் முகம் நமக்கு. அதற்கப்புறம் அது அவர்கள் வீட்டு விஷயம். அவர் இறந்த அன்று எங்கள் கம்பெனியில் வேறு ஏதோ பேனருக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. எனக்கு 17 வயது. ரேடியோவில் சொன்னார்கள், ஆசான் பிரஷைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர் சாயங்காலம்தான் வந்தார்.

நேரமாகிவிட்டது என்று ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். கடைசிப் படத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நாகேஷ். தாராபுரத்துக்காரர். ரயில்வேயில் குமாஸ்தா. ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகக் கொஞ்ச நேரம் வந்து துடித்துவிட்டுப் போனதை, தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். மேடையில் பாராட்டியதுதான் திருப்பம் என்பார்கள். முகம் நிறைய அம்மைத் தழும்பு. பேனர் நாட்களில் அதை நாங்கள் போட்டதே கிடையாது. ஸ்டில்லில் இருந்தாலும் மழுமழுவென்று பூசிவிடுவோம். இந்தப் படத்துக்கு அவருடைய 30 வயதுப் போட்டோவையும் 70 வயதுப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முடி போயிருக்கிறது, தாடை தொங்கியிருக்கிறது, காது நீண்டிருக்கிறது. தழும்பு மட்டும் இம்மி மாறவில்லை. அதனால் முதலில் தழும்பைப் போட்டு, அதைச் சுற்றி முகத்தை வரைந்தேன். எந்த வயது நாகேஷ் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

இனி நீங்கள் எழுந்து வந்து பார்க்கலாம். ஒரு வேண்டுகோள்: நாகேஷ் படம் கரியில் வரைந்தது, கண்ணாடி போடவில்லை. போன ஊரில் யாரோ நல்ல மனதோடு, கன்னத்தில் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று கைக்குட்டையால் துடைத்துவிட்டார்கள். 2 நாள் உட்கார்ந்து மறுபடி போட்டேன். தயவுசெய்து துடைக்காதீர்கள்.