இழுப்புக்குக் கஞ்சாவா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"டொக்டர், கஞ்சா எண்ணெய் கொடுத்தால் அப்பாவுக்கு மூச்சு வாங்குவது குறையுமாமே?"

மார்பு நோய் கிளினிக்கில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் கஞ்சா குடிக்கிற பொடியன்மார் இல்லை. கோயில் கமிட்டியில் இருப்பவர்கள், பாடசாலை ஆசிரியர்கள், கொழும்பில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த பிள்ளைகள். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருப்பார். கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். வானொலியில் குரலைத் தாழ்த்தாமலே பதில் சொல்லலாம் என்றுதான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்பட்ட நுரையீரல் நோயில் வரும் மூச்சுத் திணறலைக் கஞ்சா குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. புகையாக இழுத்தால் கெடுதல்தான். ஆனால் கேட்பவரின் தவிப்பு நியாயமானது. அந்தத் தவிப்புக்கு நாங்கள், வைத்தியர்கள், போதுமான அளவு பதில் சொல்வதில்லை என்பதும் உண்மை.

நான் பேசுவது சி.ஓ.பி.டி. என்று கிளினிக் கொப்பியில் எழுதப்படும் நோயைப் பற்றி. சுவாசக் குழாய்கள் சுருங்கி, நுரையீரலின் சிறு அறைகள் சிதைந்து, நாளாக நாளாக மூச்சு குறைந்துகொண்டே போகும் நோய். ஆஸ்துமா வந்துவிட்டு விலகிப் போகும், இது அப்படி முழுதாக விலகிப் போகாது. பீடி, சிகரெட் குடித்தவர்களுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். மலையகத்தில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. வாழ்க்கையில் ஒரு பீடியைக்கூடத் தொடாத அம்மாமார், அப்பாயிமார். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவின் பின்பக்கம், புகைபோக்கி இல்லாத குசினியில், தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிய குச்சிகளான மிலாறை எரித்துச் சமைத்தவர்கள். மழைக் காலத்தில் அந்த மிலாறு காய்வதே இல்லை. ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைக்கும்போது முகத்தில் அடிக்கிற புகை யாருடைய கணக்கில் சேரும்? 2022இல் சமையல் கேஸுக்கு வரிசையில் நின்ற நாட்களில், கேஸுக்கு மாறியிருந்த எத்தனையோ வீடுகள் திரும்ப விறகுக்கே போயின. அதில் சில வீடுகள் இன்னும் திரும்பி வரவில்லை.

மூச்சு ஏன் வாங்குகிறது என்று தெரிந்தால்தான் எந்த மருந்து எங்கே வேலை செய்யும் என்று புரியும். பலர் நினைப்பது, காற்று உள்ளே போகவில்லை என்று. உண்மையில் இந்த நோயில் காற்று வெளியே வருவதுதான் பிரச்சினை. கொழுந்துக் கூடை நிறைந்துவிட்டால், தராசுக்குக் கொண்டுபோய்க் கொட்டாமல் மேலே மேலே போட முடியுமா? அதேதான். பழைய காற்று முழுதாக வெளியேறாமல் தேங்கி நிற்கிறது, புதுக் காற்றுக்கு இடம் இல்லை. படி ஏறும்போது மூச்சை வேகமாக இழுப்பதால் இன்னும் தேங்குகிறது. அதனால்தான் மலை ஏற்றம் இவர்களுக்கு இவ்வளவு கஷ்டம். அதுவும் நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நோயாளிக்குக் கிடைக்கிற ஒட்சிசனும் அந்தக் கணக்கில் குறைந்துதான் தொடங்குகிறது.

சரி, கஞ்சாவுக்கு வருவோம். இந்தக் கதை வெறும் வதந்தி இல்லை, அதற்கு ஒரு வேர் இருக்கிறது. 1973இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸில் டொனால்ட் டாஷ்கின் என்ற நுரையீரல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியமான இளைஞர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். கஞ்சாவில் போதை தருகிற டி.எச்.சி. என்ற பொருள் சுவாசக் குழாய்களைச் சற்று விரியச் செய்தது. ஆஸ்துமா உள்ளவர்களிடமும் அதே விளைவு தெரிந்தது. அந்த டி.எச்.சி.யையே வாயில் வைத்து அடிக்கிற பம்பில் அடைத்து இழுப்பு மருந்தாக்கலாமா என்றுகூடப் பார்த்தார்கள். இழுத்தபோது தொண்டையையும் குழாயையும் எரித்து இருமலைக் கிளப்பியது. சல்பூட்டமோல், அதாவது உங்கள் நீல நிற பம்பில் இருக்கிற மருந்து, அதற்கு முன்பே 1969இல் சந்தைக்கு வந்துவிட்டது. அது போதை இல்லாமல் அதே வேலையைச் சில நிமிடங்களில் செய்கிறது. பிறகு ஏன் கஞ்சா?

அதே டாஷ்கின் குழுவினர் 1988இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வை அந்த வீடியோக்கள் சொல்வதில்லை. கஞ்சா குடிப்பவர்கள் புகையை ஆழமாக இழுத்து உள்ளே பிடித்து வைக்கிறார்கள். அதனால் ஒரு சிகரெட்டோடு ஒப்பிட்டால் இரத்தத்தில் காபன் மொனொக்சைட்டு ஏறுவது ஏறக்குறைய ஐந்து மடங்கு, உள்ளே போகிற தார் ஏறக்குறைய மூன்று மடங்கு. மிலாறு புகையால் கெட்ட நுரையீரலுக்கு இதுவும் புகைதான். மூலிகை என்பதால் அது சாம்பிராணியாகிவிடாது.

"புகை வேண்டாம், ஆவியாக்கி இழுக்கலாமே" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதைத்தான் கனடாவில், மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்தார்கள். 2018இல் வெளிவந்த ஆய்வு. நோய் முற்றிய 16 பேருக்கு ஆவியாக்கிய கஞ்சாவை ஒரு நாளும், டி.எச்.சி. நீக்கியதை இன்னொரு நாளும் கொடுத்து, சைக்கிள் மிதிக்க விட்டார்கள். மூச்சு வாங்குவதில் வித்தியாசம் இல்லை. மிதித்த நேரத்திலும் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் கேள்வியை நேராகக் கேட்ட ஆய்வு.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வயதான சி.ஓ.பி.டி. நோயாளர்களின் பதிவுகளையும் பார்த்திருக்கிறார்கள். வைத்தியர் எழுதிக் கொடுத்த கஞ்சா வகை மாத்திரையை அதிக அளவில் எடுத்தவர்களிடம் ஆஸ்பத்திரியில் சேர்வதும் இறப்பும் கூடுதலாக இருந்தன. மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. வருத்தம் கூடினவர்களுக்குத்தான் அதை எழுதியிருக்கலாம். இருந்தாலும், "இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்று சொல்கிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்றுக்கும் உதவாது என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய் மருந்து ஏற்றும்போது வருகிற வாந்திக்கு, நரம்பு நோய் சிலவற்றில் வருகிற தசை இறுக்கத்துக்கு, குழந்தைகளுக்கு வருகிற அரிய வலிப்பு வகைகளுக்கு, கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்துகள் பல நாடுகளில் அனுமதி பெற்றிருக்கின்றன. வலிப்புக்கான மருந்தை அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. அது வேறு நோய், வேறு மருந்து, அளந்த அளவு.

இலங்கைச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1929ஆம் ஆண்டின் நச்சுப் பொருட்கள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி கஞ்சா வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். ஆயுர்வேதத்தில் மட்டும் ஒரு வழி இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற ஆயுர்வேத வைத்தியர்கள் மருந்து தயாரிப்பதற்காக அனுமதியோடு பெறலாம். கனடாவில் இருப்பது போல நோயாளிக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கும் முறை இங்கே இல்லை. ஏற்றுமதிக்குப் பயிரிடலாமா என்று 2022 நவம்பர் வரவு செலவுத் திட்டத்திலேயே பேச்சு எழுந்தது. ஏற்றுமதி என்பது டொலர் விஷயம். உங்கள் அப்பாவின் இழுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்புறம், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ரகசியமாகக் கையில் கிடைப்பது என்ன? கடல் தாண்டி வருகிற கேரள கஞ்சா என்பார்கள். போத்தலில் இருப்பது எண்ணெய் என்பார்கள். எதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவனுக்கும் தெரியாது. ஈரத்தோடு இறுக்கிக் கட்டி வைத்த இலையில் பூஞ்சணம் வளரும். அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சணம் நோயுற்ற நுரையீரலில் குடியேறினால், அதுவும் அடிக்கடி ஸ்டீரொயிட் மாத்திரை எடுப்பவராக இருந்தால், எங்களுக்கே சமாளிப்பது கஷ்டம். டி.எச்.சி. இதயத் துடிப்பைக் கூட்டும், தலை சுற்றும். எழுபது வயதில், இரவில், லயத்தின் வழுக்குப் படியில் ஒரு தலைச்சுற்றல் போதும், தொடை எலும்பு போய்விடும். இன்னும் ஒன்று: சுவாசக் குழாயை விரிக்க நம் கிளினிக்குகளில் இன்னும் கொடுக்கிற தியோபிலின் மாத்திரையை, பீடிப் புகை போலவே கஞ்சாப் புகையும் உடம்பிலிருந்து சீக்கிரம் கழித்துவிடும். மாத்திரை சாப்பிட்டும் கேட்கவில்லை என்று சொல்பவர்களில் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

அப்படியென்றால் மூச்சு வாங்குகிறவருக்கு என்னதான் இருக்கிறது?

முதலில் பம்பு. பாதிப் பேருக்குச் சரியாக அடிக்கத் தெரியாது என்று சொன்னால் யாரும் கோபிக்க வேண்டாம், சொல்லிக் கொடுக்காதது எங்கள் பிழை. மருந்து நாக்கிலேயே தங்கிவிடுகிறது. ஸ்பேசர் என்ற குழாயை வைத்து இழுத்தால் நுரையீரலுக்குப் போகும். அது விலை என்றால், அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய்க்கு அளவாக ஓட்டை போட்டுப் பயன்படுத்தலாம். தென்னாபிரிக்காவில் ஆஸ்துமா பிள்ளைகளிடம் இதைச் சோதித்து, கடையில் வாங்கும் ஸ்பேசருக்குக் குறைவில்லை என்று 1999இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஓட்டையைச் சுற்றிக் காற்று கசியக் கூடாது. முதல் முறை கிளினிக் தாதியிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மூச்சை விடுகிற முறை. மூக்கால் மெதுவாக இழுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து ஊதுங்கள். குழாய்கள் ஒட்டிக்கொள்ளாமல் திறந்திருக்கும், தேங்கின காற்று வெளியேறும். படி ஏறும்போது காலை எடுத்து வைக்கிற நேரத்தில் ஊத வேண்டும், இழுக்கக் கூடாது. மலைக்கு மேல் குடியிருப்பவர்கள் இதை ஒரு வாரம் பழகினாலே வித்தியாசம் தெரியும்.

மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சின்ன மின்விசிறி. நுவரெலியாக் குளிரில் ஃபேனா என்று ஒரு தாத்தா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 50 பேரிடம் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கையில் பிடிக்கிற விசிறியை முகத்துக்குக் காட்டியபோது மூச்சுத் திணறல் குறைந்தது, காலுக்குக் காட்டியபோது குறையவில்லை. கன்னத்திலும் மூக்கிலும் படுகிற காற்று, நரம்பு வழியாக மூளைக்குப் போய் அந்தத் தவிப்பைத் தணிக்கிறது. நம் வீடுகளில் இழுப்பு வந்ததும் என்ன செய்கிறோம்? ஜன்னலைச் சாத்தி, மப்ளரால் முகத்தையும் சேர்த்துச் சுற்றி, சுற்றிலும் பத்துப் பேர் நிற்கிறோம். முகத்தை விட்டுவிட்டு நெஞ்சையும் தலையையும் போர்த்துங்கள். வெளியே பனியில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லவில்லை. குளிர் காற்றை ஆழமாக இழுத்தால் குழாய் சுருங்கும். வீட்டுக்குள்ளே முகத்துக்கு மட்டும் காற்று போதும்.

நோய் மிகவும் முற்றியவர்களுக்கு மொர்பின் மருந்தைச் சிறிய அளவில் கொடுப்பதுண்டு. அவுஸ்திரேலியாவில் 2003இல் வந்த ஆய்வு பலன் இருப்பதாகச் சொன்னது, 2022இல் வந்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆகவே எல்லோருக்கும் இல்லை, வைத்தியரின் கண்காணிப்பில் மட்டும். இரத்தத்தில் ஒட்சிசன் நிரந்தரமாகக் குறைந்தவர்களுக்கு, ஒரு நாளில் குறைந்தது 15 மணித்தியாலம் ஒட்சிசன் எடுப்பது ஆயுளைக் கூட்டும். அந்த இயந்திரம் இருக்கிற அறையில் அடுப்போ, பீடியோ, சாமி விளக்கோ இருக்கவே கூடாது.

ஏற்கனவே கஞ்சா எடுத்துக்கொண்டிருப்பவர் இருந்தால், அதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். நாங்கள் பொலிஸ் இல்லை. தூக்க மாத்திரை, தியோபிலின், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்பரின் எல்லாம் எழுதுகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். அடுத்த முறை வரும்போது பம்பையும் கையோடு கொண்டு வாருங்கள், எங்கள் முன்னால் ஒரு தடவை அடித்துக் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள், காசநோய் இன்னும் நம்மிடையே இருக்கிறது. உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வசனத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாமல் போனாலோ, வாகனம் தேடி அலையாமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். ஆனால் எங்கள் பாதைகளில் அது வந்து சேர நேரம் எடுக்கும், அதனால் கடைசி நிமிடம் வரை காத்திருக்காமல் அழையுங்கள்.

நன்றி, வணக்கம்.