கணக்கு நோட்டின் முதல் வரி

(மதுரையில், புதிதாக நாடகக் குழு தொடங்கியிருக்கும் இளைஞர்களிடையே பேசியது.)

எல்லோருக்கும் வணக்கம்.

குறைந்த செலவில் நாடகக் குழு நடத்துவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியும். வேறு மாதிரி நடத்த ஒருநாளும் வாய்க்காததால் தெரியும். சென்னையில் ஏழெட்டுப் பேர் கொண்ட சின்னக் குழு எங்களுடையது. ஒத்திகை மொட்டை மாடியில். மழை வந்தால் மாடிப்படியில் உட்கார்ந்து வசனம் மட்டும் பார்ப்போம்.

எங்கள் முதல் நாடகத்தின் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் வரி அரங்க வாடகை. அப்புறம் லைட் வாடகை, துணி, தையல் கூலி, வேன், நோட்டீஸ். கடைசி வரி: 'நடிகர்கள், டீ, வடை.' அதற்கு நேரே 640 ரூபாய். ஆறு பேர் ஒன்றரை மாதம் தினமும் வந்து போனதற்கு அந்த நோட்டில் இருக்கும் ஒரே தடயம் அந்த வடைதான்.

அந்த நாடகத்தில் முக்கியமான பாத்திரம் செய்த தம்பி ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தான். நல்ல குரல். மூன்றாவது காட்சியன்று அவன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நானே மேடையேறினேன். பாதிப் பேர் அதை நவீன உத்தி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் முடிந்ததும் வந்து கைகுலுக்கி, 'அந்தக் காகிதம் ரொம்ப ஆழமா இருந்தது சார்' என்றார்.

அன்று இரவு அவனை வாய்க்கு வந்தபடி பேசினோம். அர்ப்பணிப்பு இல்லாதவன் என்றோம். இரண்டு மாதம் கழித்து ஒரு பஸ் ஸ்டாப்பில் அகப்பட்டான். ஒத்திகைக்காகச் சீக்கிரம் கிளம்பிய நாட்களுக்கெல்லாம் கடையில் அரை நாள் சம்பளம் பிடித்திருக்கிறார்கள். வீட்டு வாடகை நின்றுபோயிருக்கிறது. காட்சியன்று லீவு கேட்டால் வேலையே போய்விடும் என்ற நிலை. 'முன்னாடியே சொல்லியிருக்கலாமே' என்றேன். 'சொன்னா வேற ஆளப் போட்டுடுவீங்கன்னு பயந்துட்டேன்ணே' என்றான்.

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று அதன் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். நடிக்கக் காசு வாங்காததை ஒரு கௌரவமாகவே நாம் நினைக்கிறோம். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல், பின்னால் நீதிபதி. அவரோடு மேடையேறியவர்களில் பலர் படித்து உத்தியோகத்தில் இருந்தவர்கள். தொழில்முறை நாடகக்காரர்களை ஊர் மட்டமாகப் பார்த்த காலத்தில், நாங்கள் பிழைப்புக்காக நடிக்கவில்லை என்று காட்ட வேண்டியது அவர்களுக்கு அவசியமாக இருந்தது. அவர்கள் செய்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு வேறு வருமானம் இருந்தது.

1970களின் கடைசியில் நவீன நாடகம் வந்தது. 1977இல் கூத்துப்பட்டறை, 1978இல் பத்திரிகையாளர் ஞாநியின் பரீக்ஷா, அதே ஆண்டு உங்கள் மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம் என்று குழுக்கள் வந்தன. 1980இல் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னைக்கு வந்து நாடகப் பயிற்சிப் பட்டறை நடத்தினார். மேடை வேண்டாம், திரை வேண்டாம், உடம்பும் குரலும் போதும், பார்க்க வருகிறவர்கள் விரும்பியதைத் தரட்டும் என்ற அவருடைய மூன்றாம் அரங்கு நம்மில் பலருக்குக் கதவைத் திறந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் பாதல் சர்க்கார் தொழிலால் நகரத் திட்டமிடல் பொறியாளர். நம் குழுக்களிலும் பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள், வங்கிக்காரர்கள் என்று மாதச் சம்பளம் வாங்கியவர்கள் நிறைய இருந்தார்கள். அவர்களுடைய சிக்கனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு அடியில் இருந்த சம்பளத்தை மறந்துவிட்டோம். கூத்துப்பட்டறை முழுநேர நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பார்த்தது. அதற்கு வெளியிலிருந்து நிதி வர வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிராக, நம்மைவிட ஏழைகள் நடத்துகிற நாடகத்தைப் பாருங்கள். உங்கள் ஊரைச் சுற்றியே ஸ்பெஷல் நாடகம் நடக்கிறதே. கதாநாயகன் ராஜபார்ட், கதாநாயகி ஸ்திரீபார்ட், கோமாளி பபூன், ஆர்மோனியக்காரர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வைக்கிறார்கள். ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து இறங்குகிறார்கள். குழு கிடையாது, ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணம் எல்லோருக்கும் மனப்பாடம். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் இறந்து நூறு ஆண்டு தாண்டிவிட்டது, அவர் போட்டுக் கொடுத்த பாதையில் இன்னும் விடிய விடிய ஓடுகிறது. சம்பளம் பேசாமல் அங்கே யாரும் அரிதாரம் பூசுவதில்லை. தமிழ்நாட்டின் வட மாவட்டத் தெருக்கூத்திலும் அப்படித்தான். தாம்பூலம் மாற்றி முன்பணம் கை மாறினால்தான் கூத்து உறுதி. ஆட்டத்துக்கு அரங்கம் தெரு. காட்சியமைப்பு, இரண்டு பேர் பிடிக்கிற ஒரு திரையும் ஒரு பெஞ்சும். கிரீடமும் தோளில் கட்டும் புஜகீர்த்தியும் பெட்டிக்குள் அடங்கிவிடும். பொருளில் அவ்வளவு சிக்கனம் செய்கிறவர்கள் ஆளில் சிக்கனம் செய்வதில்லை.

பழையதெல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பாய்ஸ் கம்பெனி என்ற பழைய நாடகக் குழுக்களில் சின்னப் பையன்களைச் சோற்றுக்கு வைத்து வேலை வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? நோட்டின் வரிசையை மாற்றினோம். இப்போது முதல் வரி நடிகர்களின் பேட்டா, அதாவது தினப்படி, அதுவும் ஒத்திகைக்கே. ஆறு பேர், 35 நாள், தலைக்கு 100 ரூபாய் என்று போட்டால் 21,000. பஸ்ஸுக்கும் டீக்கும் போக மிச்சம் பெரிதாக இருக்காது. ஆனாலும் அந்த எண்ணை நோட்டில் முதலில் எழுதிப் பார்த்தபோது எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரங்க வாடகையைவிட அது அதிகம். இத்தனை காலம் அந்தத் தொகையை யார் கொடுத்துக்கொண்டிருந்தது? அந்தத் தம்பி மாதிரி ஆட்கள்.

21,000 முதலில் வந்து உட்கார்ந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகச் சுருங்கும். நாடகத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே சுருங்கும். பன்னிரண்டு பாத்திரம் உள்ள நாடகத்தை எடுத்துவிட்டு, பிறகு எப்படிச் சிக்கனம் செய்வது என்று தலையைச் சொறிவதில் பயனில்லை. ஐந்து பேர், ஒன்றரை மணி நேரம், இரண்டு டிரங்குப் பெட்டி: இந்த அளவுக்குள் நாடகத்தை யோசிக்கிறோம். பெட்டியில் அடங்காத பொருள் நாடகத்தில் கிடையாது. சாமான் ஏற்றக் குட்டி யானை வண்டி பிடித்தால் ஒரு நடிகரின் பேட்டா போச்சு, அவ்வளவுதான் கணக்கு. லைட்டுக்கு நான்கு எல்.இ.டி. மேடை விளக்குகள் சொந்தமாக வாங்கிவிட்டோம். வெளிச்சம் கொஞ்சம் பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கும், பழைய ஆலஜன் விளக்கின் மஞ்சள் வராது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. உடைக்குக் காடாத் துணி, நாங்களே சாயம் போடுவோம். ஒரு முறை சாயம் சரியாக ஏறாமல், நடிகர் வியர்க்க வியர்க்க அவர் கழுத்தெல்லாம் நீலமாகிவிட்டது. சிவபெருமான் வேஷம் என்றால் தப்பித்திருக்கலாம். அவருக்கோ அதில் தாசில்தார் வேஷம்.

டிக்கெட்டுக்கு வருவோம். 80 பேர் உட்காரும் இடம், 200 ரூபாய் டிக்கெட். எல்லாம் விற்றால் 16,000. ஆனால் விற்காது, ஏனென்றால் நமக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். 'பாஸ் இருக்கா?' இந்தக் கேள்வி நாடகக்காரர்களிடமிருந்துதான் அதிகம் வரும். சினிமாவுக்கு டிக்கெட்டும் பாப்கார்னுமாக 400 ரூபாய் செலவழிப்பவர், நம் நாடகத்தை ஓசியில் பார்ப்பதை நமக்குத் தரும் ஆதரவு என்று நம்புகிறார். நாங்கள் பாஸை நிறுத்திவிட்டோம். என் தங்கை வீட்டுக்காரர் ஒரு வருஷம் பேசவில்லை. இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார், முன்வரிசையில் உட்கார்ந்து குறையும் சொல்கிறார். காசு கொடுத்தவர், சொல்லட்டும்.

சட்ட விஷயத்தில் உங்கள் தலைமுறைக்குக் கொஞ்சம் நிம்மதி. 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடகச் சட்டப்படி பிரதியைப் போலீசிடம் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. 500 ரூபாய் வரையுள்ள நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 500 ரூபாய்க்கு மேல் நாம் எங்கே போகப் போகிறோம்!

இவ்வளவு செய்தும் டிக்கெட் காசு மட்டும் போதாது. கல்லூரி, பள்ளி, தொழிற்சங்கம் என்று கூப்பிடுகிற இடங்களில் மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்கிறோம். இங்கே உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'வந்து போடுங்க, உங்களுக்கு நல்ல எக்ஸ்போஷர்' என்பார்கள். அப்படிச் சொன்ன ஒரு கல்லூரிக்கு ஒருமுறை போனோம். பந்தல்காரருக்கு, மைக் செட்காரருக்கு, சாப்பாட்டுக்காரருக்கு அன்றே பணம் கொடுத்தார்கள். எங்களுக்குச் சால்வை போட்டார்கள். ஆறு சால்வை. ரயிலில் குளிருக்கு உதவியது. அதற்குப் பிறகு கூத்துக்காரர்கள் வழிதான், பாதித் தொகை முன்பணமாக வந்தால்தான் தேதி. கேட்கக் கூச்சமாக இருக்கும். முதல் இரண்டு தடவை எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது அந்த வேலையைக் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன், அவருக்கு அந்தக் கூச்சமே இல்லை.

காட்சி முடிந்த இரவே கவர்களைக் கொடுத்துவிடுகிறோம். யாருக்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும், நோட்டு நடுவில்தான் கிடக்கும். தலைக்கு ஆயிரம் ரூபாய் வரும், சில நாள் அதுகூட வராது. இதை வைத்து யாரும் குடும்பம் நடத்த முடியாது, அது எனக்குத் தெரியும். அந்தத் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டேன். வரவில்லை. கல்யாணமாகிவிட்டது, சொந்தமாகக் கடை போட்டிருக்கிறான். ஒவ்வொரு நாடகத்துக்கும் மனைவியோடு வந்து இரண்டு டிக்கெட் வாங்குகிறான்.

அடுத்த நாடகத்துக்குப் போன வாரம் ஒத்திகை தொடங்கினோம். ஐந்து பேர் என்றுதான் பேச்சு. எழுதுகிறவர் ஆறாவதாக ஒரு கிழவி பாத்திரம் வேண்டும் என்று நிற்கிறார். படித்துப் பார்த்தேன், நாடகத்திலேயே நல்ல பாத்திரம் அந்தக் கிழவிதான். கணக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே ரயில் ஏறி வந்திருக்கிறேன்.