பித்தநாளப் புற்றுநோய்: ஸ்டேஜ் நம்பர் பூவா தலையாவை ஜெயிக்குமா?

வணக்கம் மக்களே! நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தால் நூற்றுக்கு ஐம்பது சரியாக வரும். பித்தநாளப் புற்றுநோய்க்கு அறுவை செய்தவர்களில் யார் கூடுதல் காலம் இருப்பார் என்று ஸ்டேஜ் நம்பரை மட்டும் வைத்துச் சொன்னால்? அறுபது, கொஞ்சம் மேலே. அவ்வளவுதான்! ஓடிவிடாதீர்கள், கணக்கு இருக்கிறது.

முதலில் பின்னணி, ஒரே மூச்சில். ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாய்தான் பித்தநாளம். ஈரலுக்குள்ளே, ஈரல் வாசலில், கீழே கணையத்தருகே என்று மூன்று இடம், மூன்று ஸ்டேஜ் அட்டவணை. வாசலில் வருவதற்கு 1965-ல் அதை விவரித்த கிளாட்ஸ்கின் பெயர். முடிந்தது.

[திரையில்: இரண்டு பொம்மைகள்]

இரண்டு நோயாளிகளை எடுத்து, ஸ்டேஜ் குறைந்தவர் கூடுதல் காலம் இருப்பார் என்று பந்தயம் கட்டுங்கள். இப்படி ஜோடி ஜோடியாகப் பார்த்து எத்தனை சரி என்று எண்ணினால் வருவது சி-இண்டெக்ஸ். எல்லாமே சரி என்றால் 1, நாணயத்துக்கு 0.5. இருவருக்கும் ஒரே ஸ்டேஜ் என்றால் அரை மார்க். (என் கணக்கு வாத்தியார் இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை!) இந்த நோயில் பல ஆய்வுகளில் கிடைத்தது 0.6-க்கு அக்கம்பக்கம்.

ஏன்? குளச்சல், முட்டம் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். புயல் கூண்டு ஏற்றுவார்களே, 1 முதல் 11 வரை? 3-ம் நம்பர் கூண்டு துறைமுகத்துக்குச் சொன்னது, உங்கள் வள்ளத்துக்கு அல்ல. எஞ்சின் எப்படி, கரைக்கு எவ்வளவு தூரம், பிடித்திருப்பவர் கை எப்படி, கூண்டுக்கு என்ன தெரியும்? ஸ்டேஜும் கட்டி, நிணநீர்க் கணு (புற்று முதலில் பரவக்கூடிய சின்ன முடிச்சுகள்), பரவல் மூன்றைத்தான் பார்க்கிறது. வெட்டிய ஓரத்தில் புற்று மிச்சமா, நோயாளிக்குத் தெம்பு இருக்கிறதா என்பதெல்லாம் அதில் இல்லை. ஆனால் கூண்டைக் கழற்றி எறியவும் முடியாது: வேறு உறுப்புக்குப் பரவியவரையும் பரவாதவரையும் அது நன்றாகவே பிரிக்கிறது. தடுமாற்றம் அறுவை செய்தவர்களுக்குள்தான்.

எனக்குப் பிடித்த விஷயம் கீழ்ப்பகுதிக் கட்டி. முன்பு 'சுவரைத் தாண்டியதா' என்று கேட்டார்கள். அந்த மெல்லிய சுவரில் எல்லை எங்கே என்று சொல்வதே பாடு. 2018-ல் நடைமுறைக்கு வந்த ஏ.ஜே.சி.சி. (ஸ்டேஜ் அட்டவணை போடும் அமெரிக்கக் குழு) எட்டாம் பதிப்பு, பேசாமல் ஸ்கேலைக் கையில் எடுத்து, கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியது என்று அளந்துவிட்டது: 5 மி.மீ.க்குக் குறைவு, 5 முதல் 12, அதற்கு மேல். தையல்காரர் மாதிரி! சரியான முடிவு என்பேன்.

கணுவையும் எண்ணுகிறார்கள்: வாசலிலும் கீழேயும் 1 முதல் 3 ஒரு படி, 4 அல்லது அதற்கு மேல் அடுத்த படி. ஆனால் மூன்றே கணுவை எடுத்துப் பரிசோதித்தால் நான்காவது எப்படி அகப்படும்? ஸ்டேஜ் பொய்யாகக் குறைந்துவிடும்.

அதனால் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்கோ வேறு எங்கோ போகும்போது, 'எந்த ஸ்டேஜ் டாக்டர்?' என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை கணு பார்த்தீர்கள், எத்தனையில் இருந்தது, ஓரம் சுத்தமா, இதையும் கேளுங்கள். சிஏ 19-9 என்ற புற்றுநோய்க் குறியீட்டுக்கான ரத்தப் பரிசோதனை மஞ்சள் காமாலை இறங்கியபின் எடுத்ததா என்றும் கேளுங்கள். பித்தநாளத்தில் அடைப்பு இருந்தாலே அது எகிறும். பித்தப்பைப் புற்றுநோய் வேறு கதை, வேண்டுமென்றால் கமெண்டில் போடுங்கள் மக்கா, அடுத்த வீடியோவில் பார்ப்போம்.