பாலர் ஞாயிறும் ஒரு குட்டை மைக் ஸ்டாண்டும்

வணக்கம் மக்களே. தொண்டை கட்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று எங்கள் சபையில் பாலர் ஞாயிறு, பிள்ளைகளோடு சேர்ந்து நானும் கத்திப் பாடியதில் இந்தக் கதி. புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: வருஷத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவோம். வேதபாடம் வாசிப்பது, ஜெபம், காணிக்கை எடுப்பது, பாட்டு, செய்தி கொடுப்பது எல்லாம் அவர்கள்தான். கடைசி ஆசீர்வாதம் மட்டும் ஆயர் சொல்வார்.

செய்தியைப் பற்றிப் பேசத்தான் கேமராவை எடுத்தேன், ஆனால் முதலில் மைக் ஸ்டாண்ட் கதை. போன வருஷ வீடியோ பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், எந்தப் பிள்ளை பேசினாலும் முகத்துக்கு முன்னால் வாட்ச் கட்டிய ஒரு பெரிய கை மைக்கைப் பிடித்துக்கொண்டே நிற்கும். "அக்கா, அந்த வாட்ச் கை யாரு?" என்று அத்தனை கமெண்ட். எங்கள் ஸ்டாண்டை எவ்வளவு இறக்கினாலும் நாலாம் வகுப்புப் பிள்ளையின் நெற்றிக்குத்தான் வரும், அதனால் ஒரு பெரியவர் குனிந்து பிடிக்க வேண்டியிருந்தது. இந்த முறை அது கூடாது என்று முடிவு செய்து மயிலாடுதுறை போய், கடை கடையாக ஏறி, ஒரு இடத்தில் குட்டை ஸ்டாண்ட் ஒன்றைக் கண்டுபிடித்தேன். 1,400 சொன்னார். சபைக்கு, அதுவும் பிள்ளைகளுக்கு என்று சொல்லிப் பார்த்தேன், மசியவில்லை. "சரி அண்ணே, பக்கத்துக் கடையில கேட்டுட்டு வரேன்" என்று படி இறங்கியதும் 1,150! இதை வெற்றி என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது. ஆனால் பொறையாறு வந்து பிரித்துப் பார்த்தால் எங்கள் மைக் கிளிப் அதில் ஏறவில்லை. மைக் ஸ்டாண்ட் மரையில் இரண்டு அளவு உண்டு, ஒன்று 3/8 அங்குலம், இன்னொன்று 5/8. நடுவில் ஒரு பித்தளைத் துண்டு போட்டால் சரியாகிவிடும், விலை 30 ரூபாய். அந்த 30 ரூபாய்ச் சாமானுக்கு மறுபடியும் பஸ் ஏறினேன். ஸ்டாண்ட் விற்கிறவர் "உங்க மைக் என்ன அளவு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? சரி, விடுங்கள். விட முடியவில்லை, ஆனாலும் விடுங்கள்.

இப்போது செய்திக்கு வருகிறேன். இரண்டு பிள்ளைகள் பேசினார்கள். முதலில் ஒரு பையன். பாவம், கையில் மூன்று பக்கம், இரண்டு புறமும் நெருக்கி எழுதியது. எட்டாம் வகுப்புப் பையன் எந்த ஊரில் "இன்றைய நவநாகரிக உலகில் இளைய சமுதாயம் வழிதவறிச் செல்கிறது" என்று பேசுவான்? அந்த இளைய சமுதாயமே அவன்தானே! இரண்டாவது பக்கத்தில் ஒரு நீளமான வரியில் மாட்டிக்கொண்டு, விரலை வைத்துத் தேடி, அப்பா இருந்த பெஞ்சைப் பார்த்தான். அவர் அங்கிருந்தே உதட்டை அசைத்து எடுத்துக் கொடுக்கிறார். எனக்கு இது துளியும் பிடிக்காது. பேசுவது பிள்ளை என்றால் சொல்வதும் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அப்பாவே ஏறிப் பேசிவிட்டுப் போகலாம்.

அடுத்து ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கையில் காகிதம் இல்லை. குட்டை ஸ்டாண்ட் அவள் வாய்க்கு நேராக நின்றது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து அப்பம், இரண்டு மீனை வைத்து இயேசு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்ட கதை. நான்கு சுவிசேஷத்திலும் இந்த அற்புதம் இருக்கிறது, ஆனால் அப்பமும் மீனும் ஒரு பையனிடம் இருந்தது என்று யோவான் மட்டும்தான் சொல்கிறார். அவள் பிடித்துக்கொண்டது அந்தப் பையனைத்தான். அவள் வீட்டில் கடல் தொழில். "மீன் கரைக்கு வந்தா ஏலத்துக்குப் போயிடும், வீட்டுக்குன்னு கொஞ்சம் எடுத்து வைப்பாங்க, அந்தப் பையன் கையில இருந்ததும் அப்படி வீட்டுக்கு வெச்ச மீனாத்தான் இருக்கும்" என்றாள். அப்புறம் ஒரு கேள்வி போட்டாள். "இங்கே ஒரு பையன் இருக்கான்னு சீஷர் அந்திரேயா இயேசுகிட்ட சொன்னாரு. தர்றியான்னு பையன்கிட்ட யாராவது கேட்டாங்களா?" சபை சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. தராமல் ஓடியிருக்கலாம், ஓடவில்லை, அதனால் அவனும் அந்த அற்புதத்தில் வேலை செய்தவன், ஆனால் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை என்று சொல்லி, ஆமென் போட்டு இறங்கிவிட்டாள். மூன்று நிமிஷம் கூட இருக்காது. எத்தனை கன்வென்ஷன் கூட்டத்தில் இந்தப் பகுதியைக் கேட்டிருப்பேன், அந்தப் பையனிடம் கேட்டார்களா என்று ஒருவரும் யோசித்ததில்லை.

பாட்டு விஷயத்தில் எனக்கும் ஓய்வுநாள் பள்ளி டீச்சர்களுக்கும் ஒரு மாதமாகவே இழுபறி. அவர்களுக்கு யூடியூபிலிருந்து ட்ராக், அதாவது பாட்டுக்குப் பின்னால் ஓடுகிற இசைப் பதிவை, எடுத்துப் போட்டுப் பாட வைக்க ஆசை. எனக்கு ட்ராக் என்றாலே ஆகாது, உங்களுக்குத்தான் தெரியுமே. ஆனால் இது வெறும் வீம்பு இல்லை. கட்டை என்பது சுருதியின் அளவு, எண் ஏற ஏறச் சுருதி உயரும்; முக்கால்வாசி ட்ராக் ஆம்பிளைக் குரலுக்கு, ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் போட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை இருந்தால்தான் வாய் திறக்கும். பல்லவியில் கீழே போய் முனகுவார்கள், அனுபல்லவியில் திடீரென்று மேலே தாவிக் கத்துவார்கள், பெரியவர்கள் "இந்தப் பிள்ளைகளுக்குச் சுருதியே இல்லை" என்பார்கள். சுருதி ட்ராக்குக்குத்தான் இல்லை. ஆர்மோனியம் என்றால் பிள்ளையின் குரலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம், மூச்சு வாங்கினால் ஒரு சுற்று காத்திருக்கலாம். கடைசியில் ஆக்‌ஷன் சாங்குக்கு மட்டும் ட்ராக், கீர்த்தனைக்கு ஆர்மோனியமும் தபேலாவும் என்று சமரசம். கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகம், தாளம் போட்டிருக்கிறதே, அதைப் பார்த்து ஒரு வாண்டு "ஆதி தாளம்னா யாருக்கா?" என்று கேட்டது. ஆதாமுக்குச் சொந்தக்காரர் என்று நினைத்துவிட்டது போல.

சொல்ல மறந்துவிட்டேன், காணிக்கை. பை பிடித்துப் போன சின்னவன் ஒரு பெஞ்சில் நின்றவன் நகரவே இல்லை. அந்த மாமா சட்டைப் பையைத் தடவி ஏதாவது போடும் வரைக்கும் நின்றான். இவனையே நிரந்தரமாகப் போடலாம் என்று பொருளாளர் சொல்கிறார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஒரு பெரியவர், "இது ஆராதனையா, பள்ளிக்கூட ஆண்டு விழாவா?" என்றார். வயதில் பெரியவர், அங்கே ஒன்றும் பேசவில்லை. இங்கே பேசலாம் இல்லையா? மத்தேயு 21-ஐ எடுத்துப் பாருங்கள், ஆலயத்தில் பிள்ளைகள் ஓசன்னா என்று சத்தம் போட்டதற்குக் கோபப்பட்டவர்கள் பிரதான ஆசாரியர்கள்தான், இயேசு இல்லை. அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். இதோ பக்கத்தில் தரங்கம்பாடியில் 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் நம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் படித்தார். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது, அந்த மணலில் எழுதிய கைதான் மொழிபெயர்த்தது. பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் மட்டும் என்ன? பாளையங்கோட்டைக்காரர், மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டி வந்தபோது 12 வயசு. அன்றைக்கு யாராவது "சின்னப் பையன், இவனுக்கு என்ன தெரியும்" என்று ஊரிலேயே விட்டிருந்தால், இன்றைக்கு இந்தப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற கீர்த்தனையில் பாதி இருந்திருக்காது.

அடுத்த வருஷத்துக்கு ஒரு யோசனை கொடுத்திருக்கிறேன். பேசப் போகிற பிள்ளைக்கு வேதபகுதியை மட்டும் கொடுப்பது, முந்தின வாரம் டீச்சரிடம் வந்து வாயாலேயே சொல்லிக் காட்டுவது, வீட்டிலிருந்து காகிதம் வரக் கூடாது. ஆயர் பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் எப்போது என்று உங்களுக்கே தெரியும், அதனால் உங்கள் சபையில் எப்படிச் செய்கிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள், கொண்டு போய்க் காட்டுகிறேன்.

அந்தப் பையனின் அப்பா இந்தச் சேனலைத் தவறாமல் பார்ப்பார், லைக்கும் போடுவார். அண்ணே, கோவித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் எழுத்தில் ஒரு குறையும் இல்லை, அந்த மூன்று பக்கத்தையும் ஆண்கள் கூட்டத்தில் நீங்களே பேசுங்கள், நான் வந்து வீடியோ எடுக்கிறேன். பெரிய ஸ்டாண்ட் சும்மாதான் கிடக்கிறது.